எந்த வீட்டு ஒன்றாம் நம்பர்?

மெராப்பி எரிமலை புகை விடுவதற்கு முன்னால் எங்கள் நிங்ருமை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விடும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். மலை யாரையும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் ஊர் கெடுங்சாரியில் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எதுவும் அவளைக் கேட்காமல் மூச்சு விடுவதில்லை. இதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியை அவளே மறுப்பாள், மறுக்கட்டும்.

முழுப்பெயர் வஹ்யுநிங்ரும். வயது நாற்பத்தொன்று. கல்லூரிப் பிள்ளைகள் தங்கும் வாடகை வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில், கிலோ கணக்கில் துணி துவைத்துக் கொடுக்கும் லாண்டரி வைத்திருக்கிறாள். சுராபாயாக்காரி. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்கும் ரகம். அவள் "காலை எடுங்க, வலிக்குது" என்று நேராகச் சொல்லும் ரகம். இங்கே மருமகளாக வந்து பதினாறு வருஷமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. முதல் வருஷம் அவள் மாமியார் தினமும் தெருவுக்கு வந்து, "அவ கோவமா பேசலங்க, அவங்க ஊர்ல அப்படித்தான்" என்று வீடு வீடாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் மாமியாருக்கே அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. அதற்கு யார் சமாதானம் சொல்வது?

லாண்டரிக்கு முன்னால் நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பல அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு வாடிக்கையாளர் என்று வாடகைக்கு விடுகிற கம்பெனி. இந்த அறைகளில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருப்பவனுக்குத் தான் அறையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. முழுவீடும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பான். அவன் அறைக்குள் ஓடும் புரோகிராம்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாக எண் விழும். பக்கத்து அறையிலும் ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே நின்று முழுக் கட்டடத்தையும் பார்ப்பவனுக்கு அதே புரோகிராம்கள் வேறு எண்ணில் தெரியும். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். எனக்கே இது மண்டையில் ஏற மூன்று டம்ளர் இஞ்சித் தண்ணீர் ஆனது.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் போனில், "எங்க நானூத்திப் பன்னிரண்டு சிக்கிக்கிட்டு நிக்குது, நிறுத்திவிடுங்க" என்றார். நிங்ரும் நிறுத்தினாள். நிறுத்தியது அவர் அறையின் நானூற்றுப் பன்னிரண்டை அல்ல, கட்டடத்தின் நானூற்றுப் பன்னிரண்டை. அது சோலோவில் கேக் விற்கும் ஒரு அம்மாவின் ஆர்டர் வாங்கும் புரோகிராம். ஒரு மத்தியானம் பூராவும் அந்த அம்மா கடைக்கு ஆர்டரே வரவில்லை. நிங்ரும் மறுநாள் ரயிலேறி சோலோவுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டு, பன்னிரண்டு கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். தெருவெல்லாம் பாண்டான் இலை மணம். "உன் தப்பு ரொம்ப ருசியா இருக்கு ம்பாக்" என்று, அக்கா என்பதற்கான எங்கள் மரியாதைச் சொல்லைப் போட்டு, நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கருவியை எழுதினாள்.

இந்த அறைகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் கருவி ஏற்கெனவே உண்டு. சரியாகத்தான் காட்டும். ஆனால் அறைக்கு அறை பத்து இலக்க எண் ஒன்றைத்தான் நீட்டும். நாலு எண்ணுக்கு மேல் எது எதோடு பொருந்துகிறது என்று கண் பிசகிவிடும். அவள் எழுதியதன் பெயர் பிலிக். எங்கள் பேச்சில் சின்ன அறைக்கு அதுதான் சொல். கறுப்புத் திரையில் பிலிக் என்று தட்டி, ஒரு புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் போதும். வெளியே அதன் எண் என்ன, உள்ளே என்ன, எந்த அறையில் குடியிருக்கிறது, அந்த அறையில் வேறு யார் யார் என்று வரிவரியாகச் சொல்லும். இதில் அறை என்பது ஒரே வகையும் அல்ல. எண் போடுவதற்கு ஒரு அறை, கோப்புகளுக்கு ஒரு அறை, வெளியே பேசும் கம்பிக்கு ஒரு அறை. ஒருவன் ஒன்றில் கூட்டுக்குடித்தனமும் இன்னொன்றில் தனிக்குடித்தனமுமாக இருக்கலாம். பிலிக் அதையெல்லாம் நிறத்தால் காட்டும். ஒரே அறை என்றால் ஒரே நிறம்.

நிறம் என்ற யோசனை லாண்டரியிலிருந்து வந்ததா, லாண்டரிக்கு அது பிலிக்கிலிருந்து வந்ததா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பன்னிரண்டு வாடகை வீடு, ஒவ்வொன்றிலும் ஒன்றாம் நம்பர் அறை. மூட்டையில் "1" என்று மட்டும் எழுதி வரும். வேலைக்கு வந்த பெண் ஒருத்தி எம்பிஏ படிக்கிறவனின் இன்டர்வியூ பேன்ட்டைக் கோழிப்பண்ணைப் படிப்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். இவன் அதைப் போட்டுக்கொண்டு கோழிக்கூட்டுக்குள் போய்விட்டான். அன்றிலிருந்து நிங்ருமின் கடையில் வீட்டுக்கு ஒரு நிற நூல். நம்பரை மட்டும் சொல்லி யாரும் அவளிடம் துணி வாங்க முடியாது. "ஒண்ணா? எந்த வீட்டு ஒண்ணு?" என்பாள். மனப்பாடம் செய்த பாடம் மாதிரி.

பிலிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. தனக்கு ஒன்றைப் பார்க்க அனுமதி இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் போகாது. "இதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை" என்று எழுதும். இந்தப் பண்பு மனிதர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பரீட்சையில் தெரியாத கேள்விக்கு நாலு பக்கம் எழுதிய என் மாணவர்கள் இரண்டு பேர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்கள்.

கம்பெனி ஜகார்த்தாவுக்குப் போனபோது அவள் போகவில்லை. இரண்டு வாஷிங் மெஷின் வாங்கினாள். பிலிக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைத்தாள். துணி சுழலும் முக்கால் மணி நேரத்தில் அதைத் திருத்துவாள். இப்படியே இருந்திருப்பாள். இதற்கு நடுவில் வந்தது அந்த வியாழக்கிழமை.

எங்கள் வரேங் ஆறு வெயில் காலத்தில் ஆறே இல்லை, மணல் குழி. லாரிகள் இறங்கி மணல் அள்ளும். மலையுச்சியில் மழை கொட்டினால், பழைய சாம்பலும் பாறையும் சேற்றோடு கலந்து உருண்டு வரும். அது வரும்போது குழிக்குள் இருப்பவனுக்கு ஏழெட்டு நிமிஷம் இருந்தால் பிழைப்பான். அதற்காக மேலே பாலத்தடியில் மிதவை வைத்த ஒரு குழாய் உண்டு. தண்ணீர் ஏறினால் மிதவை எழும், ரேடியோவில் செய்தி கீழே காவல் குடிசைக்கு வரும், அங்கே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அதை வாங்கி சைரனை ஊதும். குடிசையில் இருப்பவர் சர்ஜிமான், ஊருக்கு 'பாக்', அதாவது ஐயா. ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷமாக அங்கேதான்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேலே மழை. சர்ஜிமானுக்கு ஆற்றின் சத்தம் மாறியது காதில் விழுந்தது. சைரன் ஊதும் என்று நாலு மூச்சுக் காத்திருந்தார். ஊதவில்லை. கெந்தோங்கானை, அந்தக் குடைந்த மரக்கட்டையை, எடுத்து அடித்தார். குழியில் இருந்த பதினாலு பேரும் அந்தச் சத்தத்தில் ஏறி ஓடினார்கள். எல்லாரும் தப்பித்தார்கள். டயர் புதைந்து நின்ற பாக் தர்மாஜியின் லாரி மட்டும் போனது. தர்மாஜி மணல் லாரிக்காரர்கள் சங்கத் தலைவர். லாரியின் கதவு ஒன்று நாலு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தது.

சைரன் ஏன் ஊதவில்லை?

குடிசைச் சுவரில் சைரனை ஊமையாக்க ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு சாவு ஊர்வலத்தின் நடுவே சைரன் அலறி அவமானமாகிப் போனதால் வைத்தது. "அவர் தூங்கறதுக்காக அதப் போட்டு வச்சிருப்பார்" என்று தர்மாஜி சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டரைப் புதிதாக ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் பிரசோஜோ, இளைஞர் என்பதால் ஊருக்கு 'மாஸ்'. நகரத்தில் வேலை, நல்ல பையன், இனாமாகச் செய்தார். அவர் வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார். வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். செய்தி கேட்கிற புரோகிராம், சைரன் ஊதுகிற புரோகிராம், இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தன. சைரனை ஒருமுறை சோதித்தார். ஊதியது. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல" என்றார்.

மெஷினில் குறையில்லை என்றால் மனிதனிடம்தான் குறை. ஆற்றுக் காவல் குழுவின் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த பொருளைப் பாருங்கள்: "பாக் சர்ஜிமான் அவர்களின் நீண்ட சேவைக்கு நன்றி கூறி ஓய்வளித்தல்." எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு இதுதான் வாசகம்.

சனிக்கிழமை காலை சர்ஜிமான் லாண்டரிக்கு வந்தார். துவைக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்க நானும் அங்கே போயிருந்தேன். அவர் கையில் குழுவின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, மடித்து.

"ம்பாக், இத நாளைக்குள்ள குடுக்க முடியுமா? திருப்பிக் குடுக்கணும்."

"எதுக்குத் திருப்பி? கிழிஞ்சிருச்சா?"

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கிழிஞ்சுட்டேனாம்."

நிங்ரும் மூட்டைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அந்த ஊமை சுவிட்ச நீங்க போட்டீங்களா பாக்?"

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இப்படிக் கேட்க ஒருவர் செத்துப் பிழைத்து வரவேண்டும்.

"இபு, பாருங்க, உங்க முன்னாடியே கேக்குறா" என்றார் அவர் என்னிடம். டீச்சரம்மாவை ஊர் இபு என்றுதான் கூப்பிடும்.

"சுராபாயாக்காரி கேக்காம விடுவாளா? பதில் சொல்லுங்க."

"போடல. ஒம்பது வருஷத்துல அந்தச் சாவு அன்னிக்கு ஒரே ஒரு தடவ. அதும் உங்க எல்லாரையும் கேட்டுட்டு."

"சரி" என்றாள் நிங்ரும். "உங்க வார்த்தைய அப்புறம் நம்புறேன். முதல்ல மெஷினக் கேக்குறேன்."

இதை அவர் கோபமாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. அதுவரை ஊரில் எல்லாரும் "உங்கள நம்புறோம் பாக்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

மத்தியானம் பிரசோஜோவையும் வரவழைத்தாள். குடிசையில் நாலு பேர் உட்கார இடமில்லை. நான் சலாக் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் வேடிக்கை பார்க்கக் கூப்பிடவா வேண்டும்?

"நான் பாத்துட்டேனே ம்பாக்" என்றார் பிரசோஜோ. "ரெண்டும் ஓடுது. பட்டியல்ல பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு."

"பக்கத்துல இருக்குன்னு வெளியே நின்னு பாக்குற நமக்குத்தான் தெரியுது மாஸ். அவங்களுக்குத் தெரியுமான்னு பாப்போம்."

பிலிக்கை ஓடவிட்டாள். திரையில் இரண்டு புரோகிராமும் மேலும் கீழுமாக வந்தன. எண் அறை, வேறு வேறு நிறம். கோப்பு அறை, வேறு வேறு. வெளியே பேசும் கம்பி அறை, ஒன்று நீலம், ஒன்று பச்சை. உள் எண் இரண்டுக்குமே ஒன்று.

"ரெண்டு பேரும் ஒண்ணாம் நம்பர்" என்றாள் நிங்ரும்.

"ஆமா, தனித்தனி அறையில வச்சேன். முன்னாடி எல்லாம் ஒரே கூடத்துல குப்பையா கெடந்துச்சு. இதுதான் பாதுகாப்பு. இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்யுறாங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. கேக்குறவன் செய்தி வந்ததும் ஊதுறவன எப்படிக் கூப்பிடுறான்?"

"இதே மெஷினுக்குள்ள மணி அடிக்கிற மாதிரி. அந்த விலாசம் பழசுதான், நான் மாத்தல..."

அவர் முகம் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்ததை நான் வாசலில் இருந்தே பார்த்தேன். ஒரே கூடத்தில் இருந்தவரை மணி அடித்தால் இருவருக்கும் கேட்கும். அறை தடுத்த பிறகு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மணி. கேட்கிறவன் வெள்ளம் வருகிறது என்று மணியை அடித்திருக்கிறான், அடித்த மணி அவன் அறைக்குள்ளேயே ஒலித்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுகிறவன் சைரனைத் துடைத்து வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறான்.

"ஆனா திங்கக்கிழம திங்கக்கிழம ஊதுச்சே!" என்றார் சர்ஜிமான். "காலைல பத்து மணி சோதனை. ஒரு வாரம் தவறல. கோழியெல்லாம் அந்த நேரத்துக்குத் தானாக் கூண்டுக்குப் போயிடும்."

"அத எந்த அறையில இருந்து ஊதுறீங்க?" என்று நிங்ரும் கேட்டாள்.

எனக்குத்தான் பதில் தெரியும். குறிப்பு எழுதியவள் ஆயிற்றே. இரண்டு வருஷத்துக்கு முன் குழு தீர்மானம்: மேலே குழாயில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் ஐந்து ஊர் ரேடியோவிலும் செய்தி போகும், எல்லாருக்கும் தொந்தரவு, ஆகவே கீழே சைரனை மட்டும் லேசாக ஊதிப் பார்த்துக்கொள்ளலாம். பழைய கூடத்தில் அது ஓரளவு போதும். புதிய ஏற்பாட்டில் அந்தச் சோதனை ஊதுகிறவன் அறைக்குள்ளேயே தொடங்கி, அங்கேயே முடிந்துவிடும். ஊதுகிறவனை அவன் அறைக்குள்ளேயே போய் "ஊதுவாயா?" என்று கேட்டு, "ஊதுவேன்" என்றதும் திருப்தியாகத் திரும்பி வந்திருக்கிறோம். வாரம் தவறாமல். பக்கத்து ஊருக்குச் சிரமம் தரக்கூடாது என்கிற மரியாதை பதினாலு பேரின் கழுத்துவரை வந்துவிட்டது. அந்தத் தீர்மானத்தில் ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

அன்று கேட்கிறவன் "பதில் இல்லை" என்று தன் அறையில் எழுதி வைத்திருப்பான். ஆனால் வெள்ளிக்கிழமை பிரசோஜோ கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டபோது அறையோடு அந்தக் குறிப்பும் போயிற்று.

பிரசோஜோ தாழ்ந்த குரலில், "ஒரு வரிதான் ம்பாக். ரெண்டு பேருக்கும் கம்பி அறைய மட்டும் பொதுவாக்கிடலாம். இப்பவே சரி பண்ணிடறேன். நாளைக்குக் கூட்டத்துல... சின்னக் கோளாறு, சரியாயிடுச்சுன்னு பொதுவாச் சொல்லிக்கலாம்" என்றார்.

"பொதுவாச் சொன்னா யார் வேலை போகும்?"

அவர் சர்ஜிமானைப் பார்க்கவில்லை.

மலைப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. இங்கேதான் நான் அவளை மெச்சுகிறேன். சாட்சியை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்றால் ஞாயிறு வரை எதையும் தொடக்கூடாது. வேறு யாராவது என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள். நிங்ரும் பிலிக் சொன்னதைத் தேதி நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதவைத்தாள், உடனே பிரசோஜோவிடம் நாற்காலியை விட்டாள். "சரி பண்ணுங்க மாஸ். மழை வருது. வழக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஞாயிறு காலை கூட்டம். பாய் விரித்து, இனிப்புத் தேநீர், டெம்பே என்ற சோயாக் கட்டி பொரித்தது, பச்சை மிளகாய். அரை மணி நேரம் எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொன்னோம். பிறகு நிங்ரும் இரண்டு தாளைப் பாயில் வைத்தாள். கடையில் கலரில் அச்சடித்தது. ஒன்றில் நீலமும் பச்சையும், இன்னொன்றில் இரண்டும் நீலம். லாண்டரியிலிருந்து இரண்டு மூட்டையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டிலும் "1" என்று எழுதி, வேறு வேறு நூல். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். பாட்டிமார் தலையாட்டினார்கள்.

தர்மாஜி தாளைக் கையில் எடுக்கவே இல்லை. "தாள்ல என்ன நிறம் வேணும்னாலும் அடிக்கலாம் ம்பாக். என் லாரி தாள்ல போகல."

"சரிதான்" என்றாள் அவள். "அப்ப வாங்க, வியாழக்கிழம இருந்தபடி பிரிச்சு வைக்கிறேன். நீங்களே மேல போய்த் தண்ணி ஊத்துங்க."

கூட்டத்தில் சலசலப்பு. அஞ்சு ஊரு ரேடியோ! ஞாயித்துக்கிழம! வயசானவங்க பயந்துடுவாங்க! நிங்ரும் அந்தச் சலசலப்பு அடங்கும்வரை ஒரு டெம்பே தின்றாள். பிறகு, "போன வியாழக்கிழம அவங்க பயப்படாம நல்லா இருந்தாங்க. அதான் பிரச்சனை" என்றாள்.

இதைக் குறிப்பில் அப்படியே எழுதினேன். நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை.

கடைசியில் ஐந்து ஊருக்கும் ரேடியோவில் சொல்லி, ஆற்றுக் குழியில் யாரும் இல்லை என்று ஆள் அனுப்பிப் பார்த்து, வானமும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, தர்மாஜி மோட்டார் சைக்கிளில் வாளியோடு மேலே போனார். குடிசையில் நிங்ரும் கம்பி அறையை மறுபடி பிரித்து வைத்தாள், சுற்றி ஊரே நின்றது.

ரேடியோ கரகரத்தது. "ஊத்துறேன்."

திரையில் தண்ணீர் அளவு ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. சைரன் அமைதி. சர்ஜிமான் தன் இரண்டு கையையும் எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கி நின்றார். சுவிட்ச் அவரிடமிருந்து நாலு அடி தள்ளி, 'ஒலி' என்ற பக்கம் பார்த்தபடி இருந்தது.

"ஊத்திட்டேன்!" என்றது ரேடியோ. "வாளி காலி! ஊதுதா இல்லையா?"

பிரசோஜோதான் ரேடியோவை எடுத்தார். அவர் காது சிவந்திருந்தது.

"ஊதல பாக். வியாழக்கிழமையும் இதனாலதான் ஊதல. பிரிச்சு வச்சது நான். முழுசா சோதிக்காம விட்டதும் நான். பாக் சர்ஜிமான் இல்ல. அஞ்சு ஊர்லயும் கேக்குதுல்ல? கேக்கட்டும்."

அந்தப் பையனைப் பற்றி அதுவரை நான் நினைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நிங்ரும் ஒரு வரி தட்டினாள். பிலிக்கை ஓடவிட்டாள். நீலம், நீலம். "இன்னொரு வாளி" என்றாள் ரேடியோவில்.

இரண்டாவது வாளிக்குச் சைரன் அலறிய அலறலில் ஊர்க் கோழியெல்லாம் திங்கட்கிழமை என்று நினைத்துக் கூண்டுக்கு ஓடின. தர்மாஜி இறங்கி வந்தார், நனைந்த கால்சட்டையோடு. சர்ஜிமானுக்கு முன்னால் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "அந்தக் கட்டைய யாரு அடிச்சாங்கன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும் பாக்" என்றார். அது போதுமானதாக இருந்தது. ஓய்வளித்தல் என்ற வரியை நான் அடித்துவிட்டு, அதற்கு மேலே, இனிமேல் மாதம் ஒருமுறை வாளியோடு முழுச் சோதனை, ஐந்து ஊரும் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று எழுதினேன்.

நிங்ரும் எங்கே என்று எல்லாரும் தேடினார்கள். அவள் மெஷினில் துணி போட்டுவிட்டு வந்திருந்தாளாம், போய்விட்டாள்.

உண்மையான சோதனை மூன்றாம் நாள் வந்தது. புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. மேலே வானம் கிழிந்து கொட்டியது. குழியில் நாற்பது பேர். தென்னைமர உயரத்துக்குச் சேறும் பாறையும் எழும்பி, இடி இடியென்று உருண்டு வருகிறது. மிதவை எழுந்த அடுத்த கணமே சைரன். நாற்பது பேரும் லாரிகளை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறிப் பறக்கிறார்கள். சர்ஜிமான் ஒரு கையில் ரேடியோ, ஒரு கையில் கட்டை, சிங்கம் மாதிரி நிற்கிறார். வெள்ளம் அவர் காலடியை நக்கிவிட்டு...

இதுவரை எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த பாக் சர்ஜிமானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தென்னைமரமா? எம் இடுப்பளவுகூட இல்ல இபு. சிங்கமும் இல்ல, குடிசை ஓரமா நின்னேன். லாரிய யாரும் விட்டுட்டுப் போகல, நிதானமா ஓட்டிக்கிட்டே ஏறினாங்க, அதுக்கு நேரம் இருந்துச்சு. நாப்பது பேரும் இல்ல, பதினோரு பேரு. எறங்கும்போது எண்ணினேன், ஏறினப்புறம் எண்ணினேன், பதினொண்ணு. அத மாத்திடுங்க."